பத்து பை சைபர்

அறுபது வயது வரை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மனுசன், அறுபத்தோராம் வயதில் சுறா பிடிக்கக் கிளம்பினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த மனுசன் என் அத்தான், என் அக்காள் பிளாரன்ஸின் வீட்டுக்காரர். பெயர் அற்புதமணி. பெயரில் இருக்கிற அற்புதத்தைத் தவிர வேறு அற்புதம் எதையும் அவரிடம் நாங்கள் பார்த்ததில்லை.

நான் பெவின். தூத்துக்குடியில் சொந்த வள்ளம் வைத்து வலைத்தொழில் செய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் என்று சொல்வது அவர்கள் மரியாதை.

அத்தானும் எங்கள் தெருக்காரர்தான். அவர் அப்பாவும் கடல் தொழிலாளிதான். பதினாலு வயதில் மகனை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது வாந்தி, வரும்போது வாந்தி. மூன்று தடவை பார்த்துவிட்டு, "இவன் கரைக்குத்தாம்லே லாயக்கு" என்று தலைமுழுகிவிட்டார். கரைக்கு லாயக்கானவர் படித்தார், துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் டாலி கிளார்க் ஆனார். டாலி கிளார்க் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது ஓரமாக நின்று எண்ணவேண்டும். எத்தனை வந்தது, அதில் எத்தனை கிழிந்தது. இருநூறு மூட்டை இறங்கி மூன்று கிழிந்திருந்தால் 200/3 என்று எழுதுவார். வாயால் சொல்லும்போது 'இருநூறு பை மூணு'. கிழிசல் இல்லையென்றால் 'இருநூறு பை சைபர்'. முப்பத்தொரு வருசம் இதைத்தான் செய்தார்.

அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அக்காள் இட்லி அவித்துத் தட்டைத் தட்டினால், இவர் எட்டிப் பார்த்து, "பன்னெண்டு பை ஒண்ணு" என்பார். ஒரு இட்லி பிய்ந்துபோயிற்றாம். இந்த மனுசனோடு எங்கள் அக்காள் எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்பதுதான் உண்மையான அற்புதம்.

ஓய்வு பெற்ற மறுமாதம் கையில் போனை எடுத்தார். ஏதோ ஒரு ஆஸ்திரேலியாக்காரன் சுறா பிடிக்கிற வீடியோ. அவன் என்ன தூண்டில், என்ன கம்பி, என்ன இரை என்று வரிசையாகச் சொல்லுகிறான், இவர் நோட்டில் எழுதுகிறார். இங்கிலீசு அத்தானுக்கு நன்றாக வரும், கடல்தான் வராது. வாரத்துக்கு மூன்று நாள் அந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடைக்குப் போவார். அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்துக்காரர், பனங்காட்டில் பிறந்தவர். வலை, கயிறு, தூண்டில் எல்லாம் விற்பார். கடலைக் கேட்டால், "அது அங்கன கிடக்கு, நான் இங்கன கிடக்கேன்" என்பார். உப்புத் தண்ணீரில் கால் நனைக்காத இரண்டு பேர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, சுறாவுக்கு எந்தப் பக்கம் பல் அதிகம் என்று பேசுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் அந்த ஆஸ்திரேலியாக்காரன் உள்ளங்கை அகலத்தில் ஒரு தூண்டில் முள்ளைக் காட்டி, அதன் அளவு 10/0 என்று எழுதிக் காட்டியிருக்கிறான். தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பான், அந்தச் சாய்கோடும் சைபரும் சேர்ந்தால்தான் அது பெரிய முள். நம் அத்தான் யாரையும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருசம் டாலி எழுதின கையல்லவா? பத்து, அதில் டேமேஜ் சைபர் என்று எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பத்தாம் நம்பர் முள்ளு ஒரு நூறு வேணும்" என்று கேட்டிருக்கிறார்.

"எதுக்கு சார்?"

"சுறாவுக்கு."

அண்ணாச்சி ஒரு நிமிசம் யோசித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? நூறு முள்ளையும் எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். எங்கள் கரையில் நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். ஒன்றாம் நம்பர்தான் பெரியது. பத்தாம் நம்பர் என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. கரையோரத்தில் பொழுதுபோகாதவன் பொடிமீன் பிடிக்கிற முள்.

முள் சின்னதாக இருக்கிறதே என்று அத்தானுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, குனிந்து எழுதுகிற அவசரத்தில் போனில் அவர் பார்த்தது நம்பரைத்தான், முள்ளை இல்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாலு நாளாக ஒவ்வொரு முள்ளுக்கும் ஸ்டீல் கம்பி கட்டினார். சுறா பல் நைலான் நரம்பை அறுத்துவிடுமாம், அதனால் கம்பி. கம்பி கட்டினதில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முள்ளுக்கும் சரியாக ஏழு சுற்று, நகம் கீறாதபடி நுனியை மடக்கி, பிசிறில்லாமல் கட்டியிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காள் வீட்டுக்குப் போனவன் அதைப் பார்த்தேன்.

"அத்தான், இது எந்தச் சுறாவுக்கு? முட்டைக்குள்ள இருக்கே, அதுக்கா?" என்றேன்.

அவர் நோட்டைக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காளும் சிரித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவே சிரித்தது, அதற்கு வேண்டிய ஏற்பாட்டை நான்தான் செய்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், எங்கள் தெருவில் அன்றிலிருந்து 'ஏட்டுச் சுறா கறிக்கு உதவாது' என்று மாற்றிக்கொண்டார்கள். அத்தான் கட்டின நூறு முள்ளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி மூடி, "உன் வள்ளத்துல கிடக்கட்டும் மாப்ள" என்று கொடுத்தார். என் ஆள் ஷாம், வள்ளத்தில் அதன்மேல் உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பான்.

இதோடு அடங்கினாரா என்றால் இல்லை. மறுபடி அண்ணாச்சி கடை. இந்தத் தடவை நங்கூரத்துக்குத் தங்கச்சி மாதிரி நாலு முள், சங்கிலி, விரல் தடிமனில் கயிறு. அப்புறம் இரை ஆராய்ச்சி. விலாங்குதான் நல்ல இரை என்று ஒரு வாரம். சூரை மீனுக்குத்தான் ரத்தம் அதிகம், வாசம் தூரம் போகும் என்று இன்னொரு வாரம். ஏலக்கூடத்தில் போய், "பிரெஷ்ஷா இருக்கா" என்று சூரைத் தலையைத் தூக்கி மோந்து பார்ப்பார். மீன்காரிகள் முதலில் மிரண்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். உப்புப் போட்டு ஊறவைத்த சூரைத் தலைகளை அக்காளின் பிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தார். அக்காள் அதைத் தெருவில் வீசினாள். நாய்கூட ஒரு நிமிசம் தயங்கித்தான் தின்றது.

இவ்வளவும் எதற்கு? அதைச் சொல்லாமல் நான் சிரித்துக்கொண்டே போனால் பாவம் எனக்குத்தான்.

எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுக்கவேண்டும். கை நீளத்துக்கு இருக்கிற சின்னச் சுறா. அதை அவித்து உதிர்த்துப் பூண்டும் மிளகும் போட்டுப் புட்டாக்கிக் கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்று நம்பிக்கை. அதிலும் முதல் சுறா வீட்டு ஆம்பிளை பிடித்ததாக இருக்கவேண்டும். கடையில் வாங்கினது ஆகாது. முப்பது வருசத்துக்கு முன்னால் எங்கள் அக்காளுக்குப் பிள்ளை பிறந்தபோது பால் வரவில்லை. அத்தான் மார்க்கெட்டில் ஐஸில் கிடந்த ஒரு பால்சுறாவை வாங்கி, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். எங்கள் அப்பா அதை வாங்கி மோந்து பார்த்தார். அப்படியே தெருவில் எறிந்தார்.

"மூட்டை எண்ணுதவனுக்கு மீனு எதுக்குடே. போயி எண்ணு" என்றார்.

தெருவில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அத்தான் குனிந்து அந்த மீனை எடுத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். பிறகு எங்கள் அப்பாவே கடலுக்குப் போய் ஒன்று பிடித்து வந்தார்.

அந்தப் பிள்ளைதான் அன்சிலின். போன தை மாதம் அவளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பலில் வேலை, எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். எட்டாம் நாளும் பிள்ளைக்குப் பால் போதவில்லை. பிள்ளை கத்துகிறது, பெற்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ், "நல்லா சாப்பிடணும், தண்ணி குடிக்கணும், கவலைப்படக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கவலைப்படாதே என்று சொன்னால் யார்தான் கவலைப்படாமல் இருந்தார்கள்?

அக்காள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். "ஏலே பெவின், நீ தாய்மாமன்தானே. நாளைக்கு ஒரு பால்சுறா கொண்டு வா" என்றாள்.

"அதுக்கென்ன, ஒரு பாடு வலை போட்டா ரெண்டு விழும்" என்றேன்.

அத்தான் உள்ளேயிருந்து வந்தார். "வேண்டாம் மாப்ள. இதை நான் கொண்டு வாரேன். உன் வள்ளத்துல என்னைக் கூட்டிட்டு மட்டும் போ" என்றார்.

அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு வாந்தி எடுக்க வேற இடம் கிடைக்கலையா? பிள்ளை பால் இல்லாம கிடக்கு, இவுக விளையாட்டுக்குக் கிளம்புதாக."

அவர் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்கும்போது எனக்கு அந்தப் பேப்பரில் சுற்றின மீன் ஞாபகம் வந்து தொலைத்தது. சரி, வாங்க என்றேன். மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். என் வலையில் விழுகிற சுறாவை இவர் தூண்டிலில் மாட்டி, இவர் பிடித்ததாகச் சொல்லிவிடலாம். பெரிய தயவு செய்கிற நினைப்பு எனக்கு.

காலையில் கிளம்பினோம். அக்காள் அவித்த இட்லி நாலை வள்ளம் ஏறுகிறதுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டார். வெறும் வயிறாக இருந்தால் வாந்தி வரும் என்று நோட்டில் எழுதியிருக்கிறதாம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் விரல் உயரத்துக்குத் தெரிகிற இடத்தில், எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் நான் வலையை விட்டேன். அவர் தன் சங்கிலியையும் பெரிய முள்ளையும் எடுத்து, ஒரு முழுச் சூரைத் தலையைக் கோத்து இறக்கினார்.

"அத்தான், கப்பல் ஏதும் மாட்டுனா மெல்ல இழுங்க. உங்க கம்பெனிக் கப்பலா இருக்கப் போகுது" என்றேன். ஷாம் சிரித்தான்.

இரண்டு மணி நேரம் கழித்து நான் வலையை இழுத்தேன். வந்தது அவ்வளவும் சொறி, ஜெல்லி மீன். கொழகொழவென்று வலை முழுக்க அப்பிக்கொண்டு, கையெல்லாம் அரிப்பு. சுறா இல்லை, ஒரு சாளைகூட இல்லை. ரெண்டு விழும் என்று சொன்ன வாய் என் வாய்தான். என் பெரிய தயவும் அந்தச் சொறியோடு கடலுக்குள் போயிற்று.

அதற்குள் அத்தானுக்கு ஆரம்பித்துவிட்டது. பின்பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர்தான், நிமிரவே இல்லை. நாலு இட்லியும், தேங்காய்ச் சட்னியும், அதற்கு முன்னால் குடித்த காபியும் வரிசையாகக் கடலில் இறங்கின. "நோட்டுல இதுக்கு மருந்து எழுதலையா அத்தான்" என்று கேட்டேன். ஷாம் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அண்ணே, இங்கன பாருங்க" என்றான்.

அத்தானுக்குக் கீழே தண்ணீரில் பொடிமீன் கூட்டம் கூட்டமாக வந்து மொய்த்துக்கொண்டிருந்தது. இட்லித் துணுக்கு ஒவ்வொன்றுக்கும் சண்டை. அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று வளைந்து வந்து, ஒரு பொடிமீனைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பால்சுறா. கை நீளம் இருக்கும்.

நான் அவருடைய சங்கிலியை இழுத்து அதன் மூஞ்சிக்கு முன்னால் விட்டேன். அது சூரைத் தலையை ஒரு தடவை முட்டிப் பார்த்தது. அதன் வாய்க்கு அந்தத் தலையும் கொள்ளாது, முள்ளும் கொள்ளாது. விலகிப் போயிற்று. என் வள்ளத்தில் தூண்டில் கிடையாது, நான் வலைக்காரன். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அத்தான் முண்டாசுத் துணியால் வாயைத் துடைத்தார். "ஷாமு, எந்திரி" என்றார்.

ஷாம் எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு பத்தாம் நம்பர் முள்ளை எடுத்தார். ஏழு சுற்றுக் கம்பி, ஒரு பிசிறு இல்லை. தன் இரைப் பெட்டியில் கிடந்த கணவாயில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கிக் கோத்தார். கம்பி நுனியை வள்ளத்தில் கிடந்த ஒரு சன்னக் கயிற்றில் முடிந்தார். கோத்து முடித்துவிட்டு மறுபடி ஒரு தடவை குனிந்து வாந்தி எடுத்தார், அதே இடத்தில் தூண்டிலை விட்டார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்குள் கயிறு விறைத்தது.

கையுறை போட மறந்துவிட்டார். கயிறு உள்ளங்கையை அறுத்தது, அவர் விடவில்லை. நான் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றார். இத்தனை வருசத்தில் அந்த மனுசன் யாரிடமும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. சின்ன முள் சின்ன வாயில் கடைவாய்ப் பக்கம் நன்றாக ஏறியிருந்தது. அது கடித்துக் கடித்துப் பார்த்தது, கம்பி அறவில்லை. நான் சிரித்த முள்ளும் நான் சிரித்த கம்பியும் சேர்ந்து என் கண்முன்னால் பால்சுறாவை வள்ளத்துக்குள் கொண்டுவந்து போட்டன.

முள்ளைக் கழற்ற அவருக்குத் தெரியவில்லை. குறடு எடுத்துக் கம்பியை வெட்டிவிட்டார். அதற்கும் நான் ஒரு வார்த்தை சொன்னேன், பழக்க தோசம். அவர் காதில் வாங்காமல் நோட்டை எடுத்து, ரத்தம் ஒட்டின விரலால் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'பால்சுறா 1/0'.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அத்தான் மீனை அக்காளிடம் நீட்டினார். அக்காள் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "எத்தனை வலைடே போட்ட?" என்றாள்.

"நான் எங்க பிடிச்சேன். அத்தான்லா பிடிச்சாரு."

வாசல் முழுக்கச் சிரிப்பு. "ஆமா, பத்தாம் நம்பர்ல பிடிச்சிருப்பாரு" என்றது ஒரு குரல்.

"பத்தாம் நம்பர்லதான் பிடிச்சாரு" என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது.

"மாதா மேல சத்தியமா."

"பிள்ளை பெத்த வீட்டுல வச்சு நக்கல் பண்ணாதலே" என்று அக்காள் என்னை அதட்டினாள். ஷாம் சொன்னான், அவனையும் யாரும் நம்பவில்லை, அவன் என் ஆளாம். அத்தான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருசத்துக்கு முன்னால் நின்ற அதே தெரு, அதே நிற்பு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் இன்னொரு மனுசன் கெட்டுக்கொண்டிருந்தான்.

அக்காள் கொல்லைப்புறத்தில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். தலையை வெட்டும்போது கரக்கென்று ஒரு சத்தம். அரிவாள் எதிலோ இடறியது. வாய்க்குள் விரலை விட்டு இழுத்தாள். வந்தது ஒரு பொடிமுள், அதில் ஒரு சாண் கம்பி. தண்ணீரில் கழுவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஏழு சுற்று. அவள் சாப்பாட்டு மேசையில் நாலு நாள் கிடந்து, அவள் சேலையில் மாட்டி, அவள் திட்டித் தீர்த்த முள்.

"ஏலே, இது இவுக கட்டுன முள்ளுல்லா" என்றாள்.

"அதைத்தானே வந்ததுலேருந்து சொல்லுதேன்."

"நீ எதை நெசமாச் சொல்லுத, எதை நக்கலுக்குச் சொல்லுதன்னு நாங்க எப்படிலே கண்டுபிடிக்க?"

நான் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கிடந்த சுறாத் தலையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "கையைக் காட்டுங்க" என்றாள். அவர் காட்டினார். வெட்டைப் பார்த்துவிட்டு, "என்ன இரை போட்டீக?" என்று கேட்டாள். ஒரு வருசமாக இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அந்த மனுசன் விலாங்கையும் சூரையையும் மோந்துகொண்டு திரிந்தார்.

அத்தான் என்னைப் பார்த்தார். என் ஆயுசிலேயே பெரிய நக்கல் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. நான் விழுங்கிவிட்டேன்.

"கணவாய்" என்றார் அத்தான். பிறகு, கணக்கில் விட்டுப்போனதைச் சேர்க்கிறவர் மாதிரி யோசித்து, "அதுக்கு முன்னால இட்லி. நாலு பை சைபர்" என்றார்.

அக்காளுக்குப் புரிய ஒரு நிமிசம் ஆயிற்று. உள்ளே படுத்திருந்த அன்சிலினுக்கு உடனே புரிந்துவிட்டது. தையல் வலிக்க வலிக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. "அப்போ காலையிலேருந்து வெறும் வயித்தோடயா நிக்கீக" என்று அக்காள் மீனை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவி, முதலில் அவருக்குத் தட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. சுறாவாலா, நர்ஸ் சொன்ன தண்ணீராலா, அந்தச் சிரிப்பாலா, எனக்குத் தெரியாது. தெருவில் மட்டும் இன்றுவரை 'பெவின் பிடிச்சு அத்தானுக்குக் கொடுத்தான், தங்கமான மச்சினன்' என்றுதான் பேசுகிறார்கள். இல்லை, அவர்தான் பிடித்தார் என்று ஆள் ஆளாகப் பிடித்து வைத்துச் சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.